காருக்குள் ஏற மறுத்த நாதஸ்வரம்

என் தம்பிக்குப் பெண் வண்டூரில் அமைந்தது. நாங்கள் இருந்தது போர்ட் பிளேரில், ஜங்லிகாட் பக்கம். அப்பா மர ஆலையில் ஸ்டோர் கீப்பர். நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். எழுபதுகள் முடியப்போகிற நேரம் அது. அப்போது தீவில் நாதஸ்வரம் வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரும் மகள் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போய்விட்டிருந்தார். அதனால் நாதஸ்வரத்துக்கு ஒருவர், தவிலுக்கு ஒருவர் என இரண்டு பேரை மதராஸிலிருந்து கப்பலில் அழைத்து வருவதாக மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஏற்றுக்கொண்டிருந்தார்.

கப்பல் வரவில்லை. வங்காள விரிகுடாவில் புயல். கப்பல் மதராஸிலேயே நிற்கிறது என்றார்கள். மறுநாள் புறப்பட்டுவிட்டது என்றார்கள். அதற்கு மறுநாள், புறப்பட்டது கல்கத்தா கப்பல், மதராஸ் கப்பல் அல்ல என்றார்கள். மாமாவிடமிருந்து தந்தி ஏதும் இல்லை. ஊரில் பாதிப் பேருடைய பேச்சு என் கை வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒரு கப்பல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏளா, ஆபீஸ்ல நீ கேட்டியா இல்லையா?" என்று அப்பா தினமும் கேட்பார்.

"கேட்டேம்ப்பா. நாளைக்குக் கேளுங்கன்னுதான் சொல்லுதாங்க."

"நேத்தும் அதத்தான சொன்னாங்க?"

"முந்தாநாளும் அதத்தான் சொன்னாங்க."

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கான்ட்ராக்டர் அண்ணாச்சி வந்தார். ரோடு வேலை எடுத்துச் செய்கிறவர். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். தீவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததால் பேச்சில் பாதிக்கு இந்தி கலந்திருக்கும். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத் தருவதாக ஏற்கனவே சொல்லியிருந்தார்.

"அரே, இதுக்கா எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீக? நம்மகிட்ட டேப்பு இருக்குல்லா! பினாங்குல இருந்து மச்சான் குடுத்து விட்டது. கோயில் திருவிழா நாதஸ்வரம், ஒரு மணி நேரத்துக்கு இருக்கு. கார்ல ரேடியோ இருக்கு. ரெண்டையும் ஜாயிண்ட் பண்ணிட்டா முடிஞ்சுது சோலி. மாப்பிள்ளை மேளதாளத்தோட போய் இறங்குவான். டீக் ஹை?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஏளா, நீதான தினமும் ஒயரைச் சொருவிக்கிட்டு இருக்க. உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். அப்படிச் சொன்னது நான்தான் என்பதை மறைப்பதற்கில்லை. நாள் முழுக்க இணைப்புப் பலகை முன் உட்கார்ந்து, இந்த ஓட்டையில் ஒரு முனை, அந்த ஓட்டையில் மறு முனை என்று செருகி இரண்டு பேரைப் பேச வைக்கிறவளுக்கு, ஒரு பெட்டியையும் இன்னொரு பெட்டியையும் சேர்ப்பது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

டேப் ரிக்கார்டர் பாதிச் செங்கல் பருமன் இருந்தது. மேலே பியானோக் கட்டைபோல ஐந்து பொத்தான்கள். பக்கவாட்டில் மூன்று ஓட்டைகள். ஒன்று காதில் வைத்துக் கேட்கிற குழாய்க்கு, ஒன்று மைக்குக்கு, ஒன்று வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கு. நிலையத்தில் கழித்துப் போட்டிருந்த ஒயர் ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தேன். எங்கள் பலகையில் செருகுகிற முள் பென்சில் தடிமன். இந்த ஓட்டை இரண்டு தீக்குச்சி சேர்ந்த தடிமன். முதல் முனையே நுழையவில்லை.

காருக்குள் குனிந்து ரேடியோவின் முதுகைக் கையால் தடவிப் பார்த்தேன். அங்கே ஓட்டை இருந்தது, ஆனால் ஒன்று அல்ல. அரைவட்டமாக ஐந்து சின்ன ஓட்டைகள். எது உள்ளே, எது வெளியே, எதற்காக ஐந்து என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. தம்பி டார்ச் அடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அஞ்சுல எது?"

"இரு. பாக்கேன்."

"ஒவ்வொண்ணா வச்சுப் பாப்போமா?"

ஒயரின் முனையைச் சீவி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒன்றில் ஒன்றுமில்லை. ஒன்றில் வண்டு ரீங்காரம். ஒன்றில் ரேடியோவே நின்றுவிட்டது. நடு ஓட்டையில் வைத்தபோது நாதஸ்வரம் கேட்டது என்று நான் சத்தியம் செய்வேன். தம்பி, அது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகை என்றான். திரும்ப வைத்தபோது வரவில்லை. அதற்குள் குழந்தையும் அழுகையை நிறுத்தியிருந்தது.

மறுநாள் அபர்டீன் பஜாரில் ரேடியோ பழுதுபார்க்கிற வங்காளிக்காரரிடம் போனோம். அண்ணாச்சி காரிலிருந்து ரேடியோவையே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வங்காளிக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஐந்து முள் செருகி தீவிலேயே கிடையாது, அடுத்த கப்பலில் வந்தால் உண்டு என்றார். கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்ன நினைத்தாரோ, "தீதி, சிந்தா மத் கரோ" என்று அக்கா முறை வைத்துச் சமாதானம் சொல்லிவிட்டு, ஓட்டை வழியைக் கைவிட்டு, ரேடியோவின் வயிற்றுக்குள்ளேயே, சத்தம் கூட்டுகிற திருகுக்குப் பின்னால் இரண்டு ஒயரை ஈயம் உருக்கி ஒட்டிக் கொடுத்தார். மறு முனைக்குச் சின்ன முள் ஒன்றும் எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். கடை மேஜையில் வைத்து ரேடியோவுக்கு ஒரு கார் பேட்டரியைக் கொடுத்தார். கேசட்டை ஓடவிட்டார். கடை நிறைய நாதஸ்வரம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: ரேடியோவும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே அலைவரிசை காட்டுகிற முள்ளை வானொலி நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து காரில் பொருத்தினோம். பாடியது. அண்ணாச்சி என்னைப் பார்த்து, ஏதோ நானே செய்ததுபோல, "சாபாஷ் தங்கச்சி" என்றார்.

பத்து நிமிஷத்தில் நாதஸ்வரம் இழுக்கத் தொடங்கியது. பிறகு முனகியது. பிறகு நின்றது. செல் தீர்ந்துபோயிருந்தது. கடைகளில் இருந்த செல்களும் கப்பல் வராததால் பழையவை. உப்புக் காற்றில் பச்சை பூத்தவை. கல்யாண நாளில் இவற்றை நம்ப முடியாது. டேப்பில்தான் மின்சாரத்துக்கு ஓட்டை இருக்கிறதே, காரின் பேட்டரியிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று அண்ணாச்சி சொன்னார். வங்காளிக்காரர் பன்னிரண்டு வோல்ட்டை ஆறாகக் குறைக்க ஒரு பீங்கான் துண்டு கட்டிய ஒயரைக் கொடுத்தார்.

இங்கேதான் எனக்கு மூளை குழம்பத் தொடங்கியது.

மின்சார ஒயரை மட்டும் செருகினால் டேப் ஓடியது, அதன் சொந்தக் குரலில் பாடியது. பாட்டு ஒயரை மட்டும் செருகினால், மிச்சமிருந்த செல்லில் காருக்குள் பாடியது. இரண்டையும் செருகினால் பளிச்சென்று ஒரு பொறி, ஃபியூஸ் போய்விடும். புது ஃபியூஸ் போட்டோம். முதலில் பாட்டு ஒயர், பிறகு மின்சாரம் என்று செருகினோம். பொறி. முதலில் மின்சாரம், பிறகு பாட்டு. பொறி. டேப்பை மரப்பலகை மேல் வைத்தோம். பொறி. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு செருகச் சொன்னார். அதற்கும் பொறிதான்.

தனித்தனியாக இரண்டும் சரி என்றால், சேர்ந்தால் எப்படித் தப்பாகும்? எங்கள் நிலையத்தில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. பிரச்சினை இருந்தால் ஒரு ஒயரில் இருக்கும். அந்த ஒயரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இங்கே குற்றவாளியே இல்லை, குற்றம் மட்டும் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மனதுக்குள் இரண்டு ஒயரையும் செருகிச் செருகிப் பார்த்தேன்.

மறுநாள் காலை வங்காளிக்காரர் தன் ஸ்கூட்டரில் வந்து, கார் மூடியைத் திறந்து, ஐந்து நிமிஷம் பேட்டரியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அரே தீதி, யே காடி உல்டா ஹை!"

வண்டி தலைகீழ் என்கிறார். வண்டி நேராகத்தான் நின்றிருந்தது. அவர் விளக்கினார்: எல்லா இடத்திலும் பேட்டரியின் மைனஸை வண்டியின் உடம்போடு சேர்ப்பார்கள், இந்தப் பழைய காரில் பிளஸ்ஸைச் சேர்த்திருக்கிறார்கள். டேப் ரிக்கார்டருக்கு உடம்பு மைனஸ். பாட்டு ஒயர் டேப்பின் உடம்பைக் காரின் உடம்போடு சேர்க்கிறது. அதன்பின் மின்சார ஒயரையும் செருகினால் பிளஸ் ஓடிப்போய் மைனஸிலேயே விழுகிறது. அண்ணாச்சி இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை அப்பா, "அதாவது கார் ஒரு சாதி, டேப்பு ஒரு சாதி, ரெண்டுக்கும் சம்பந்தம் ஒத்துவராது, அதான?" என்றார்.

"டீக் போலா" என்று, சரியாகச் சொன்னதாக ஆமோதித்தார் வங்காளிக்காரர், தமிழில் சொன்னது எதுவும் புரியாமலே.

முடிவில் அவர் தன் ஸ்கூட்டரின் ஆறு வோல்ட் பேட்டரியையே கழற்றிக் கொடுத்தார். காருக்குச் சம்பந்தமில்லாத தனி பேட்டரி என்றால் சண்டை வராது என்றார். அமிலம் சிந்தாமல் இருக்க அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்தோம். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவர் பஜாருக்கு நடந்தே போனார். அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாளிக்குள் பேட்டரி, மடியில் டேப், காருக்குள் நாதஸ்வரம், பொறி இல்லை.

அன்றைக்கு மத்தியானமே கிளம்பினோம். அம்மாவும் மற்றப் பெண்களும் முதல் நாளே லாரியில் வண்டூர் போயிருந்தார்கள். அண்ணாச்சி ஓட்டினார், அப்பா முன்னால். பின்னால் தம்பியும் நானும். தம்பியின் பட்டு வேட்டிக்கும் வாளிக்கும் நடுவே என் கால். கராச்சர்மா தாண்டியதும் மழை. ரோடு பாதி தார், பாதி சேறு. அந்தப் பாதையில் வாளியை இரண்டு காலாலும் இடுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்ததில் தொடை மரத்துவிட்டது.

வண்டூர் எல்லையில் அண்ணாச்சி வண்டியை மெதுவாக்கினார். மணி ஐந்து இருக்கும். எங்கள் தீவில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் போய்விடும். பெண் வீட்டு வாசலில் பெட்ரோமாக்ஸ் தெரிந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள், பக்கத்து நிலத்து வங்காளிக் குடும்பங்கள், பிள்ளைகள். அண்ணாச்சி கதவுக் கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். தம்பி பொத்தானை அழுத்தினான். பின் இருக்கைக்கு மேலிருந்த ஸ்பீக்கரிலிருந்து நாதஸ்வரம் முழு வேகத்தில் கிளம்பியது. நடுவில் திருவிழாக் கூட்டத்தில் யாரோ செருப்பைக் காணோம் என்று கத்துவதும் கேட்டது. வாசலில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மூன்று நாளில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தேன்.

அரை நிமிஷம் போயிருக்கும். நாதஸ்வரத்துக்கு அடியில் ஒரு ஆண் குரல் பேச ஆரம்பித்தது. இந்தி. நிதானமான, காகிதத்தைப் பார்த்துப் படிக்கிற குரல். உள்ளூர் வானொலியில் மாலை அறிவிப்பு.

"...மதராஸ்..." என்றது குரல். நாதஸ்வரம் ஒரு சுற்றுச் சுற்றியது. "...ஜஹாஸ்..." மறுபடியும் சுற்று. "...கல் சுபஹ்..."

"நிப்பாட்டு! நிப்பாட்டு! கப்பல் சேதி சொல்லுதான்!" என்று அப்பா கத்தினார்.

அண்ணாச்சி ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே ரேடியோத் திருகைக் குறைத்தார். நாதஸ்வரம் குறைந்தது, குரலும் குறைந்தது. இரண்டுக்கும் ஒரே திருகு. கூட்டினார். இரண்டும் கூடின.

"ஏல, டேப்ப அமத்துல!"

தம்பி அவசரத்தில் வேறு பொத்தானை அழுத்திவிட்டான். கேசட் முன்னால் ஓடத் தொடங்கி, நாதஸ்வரம் கிளிக்கூட்டம் கத்துவதுபோல் கீச்சிட்டது. வாசலில் ஒரு குழந்தை வீறிட்டது. நான் எட்டி எல்லாப் பொத்தான்களையும் உள்ளங்கையால் சேர்த்து அமுக்கினேன். கீச்சு நின்றது. இப்போது குரல் தெளிவாகக் கேட்டது. ரேஷன் அரிசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு இந்திப் பாட்டு.

மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கவேண்டிய நேரத்தில், காரைச் சுற்றி நின்று எல்லோரும் இந்தி இலக்கணம் பேசினோம். இந்தியில் 'கல்' என்றால் நாளை. நேற்று என்றாலும் 'கல்'தான். கடைசியில் வருகிற வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று தெரியும். அந்த வினைச்சொல் நாதஸ்வரத்துக்கு அடியில் போய்விட்டது.

"நாளைக்குக் காலைல வந்து சேரும்னு சொன்னான்" என்றார் அண்ணாச்சி.

"மதராஸை விட்டு நேத்துக் காலைலதான் கிளம்பிச்சுன்னுல்லா சொன்னான்" என்றார் அப்பா. "அப்படின்னா இன்னும் மூணு நாளு ஆகும்."

"உங்க காதுல 'கிளம்பிச்சு' விழுந்துதா?"

"உம்ம காதுல 'வரும்' விழுந்துதா?"

இருவர் காதிலும் எதுவும் விழவில்லை. பெண்ணின் அப்பா இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தயங்கி, "முதல்ல மாப்பிள்ளை இறங்கட்டுமே" என்றார்.

நான் ரேடியோ முள்ளைப் பார்த்தேன். வங்காளிக்காரர் வைத்த அதே வெற்றிடத்தில்தான் நின்றது. வழியெல்லாம் அங்கே பேச்சு வரவில்லை. வாசலுக்கு வந்தபின் மட்டும் எப்படி வந்தது?

ஆரத்தி முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு காவல் சாவடிக்கு நடந்தேன். அங்கே கையால் சுழற்றுகிற போன் ஒன்று உண்டு. காவலரிடம் நான் யார் என்று சொல்லி, சுழற்றினேன். பலகையில் அன்று மாலை வேலைக்கு இருந்தவள் என் கூட்டாளிப் பெண், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி.

"என்னக்கா, கல்யாண வீட்லேர்ந்தா போன்? ரேடியோ கேட்டீங்களா?"

"கேட்டேன். அதான் கேக்கேன். கப்பல் கிளம்பிச்சா, வருதா?"

"கிளம்பினாத்தானேக்கா வரும்?"

"ஐயோ, நீயுமா! நாளைக்கா, நேத்தா, அதச் சொல்லு."

"இருங்க, துறைமுகத்துல கேக்குறேன்" என்றாள். அவள் முள்ளைச் செருகுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரே முள், ஒரே ஓட்டை. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அவ்வளவு நிம்மதி. திரும்பி வந்தவள், "நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு உள்ள வருதாம். ஆடி ஆடித்தான் வருதாம். எல்லாரும் வாந்தியாம்" என்றாள்.

அண்ணாச்சி விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து காரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். முகூர்த்தம் பத்தரை வரை. ஒன்பதே முக்காலுக்குக் கார் வந்தது. முதலில் மாமா இறங்கினார், சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. நாதஸ்வரக்காரர் ஒல்லியான மனிதர். இறங்கியதும், "தரை இன்னும் ஆடுதே" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். தவில்காரரை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி வந்து பந்தல் காலில் சாய்த்து உட்கார வைத்தார்கள். பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று தலையாட்டினார். கண்ணைத் திறக்கவே இல்லை. கெட்டிமேளம் என்று குரல் வந்தபோது மட்டும் அவர் கைகள் எழுந்தன. அப்படி ஒரு அடி நான் அதற்குமுன் கேட்டதில்லை. வங்காளிப் பெண்கள் நாக்கைச் சுழற்றி உலு உலு என்று குலவை போட்டார்கள், எங்கள் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தாலி ஏறியது. அவர் மறுபடி பந்தல் காலில் சாய்ந்துவிட்டார்.

சாயங்காலம் தவில்காரருக்குக் கொஞ்சம் ரசம்சாதம் இறங்கியது. அண்ணாச்சிக்கு, தன் காரில் நாதஸ்வரம் பாடியதை அவரிடம் காட்டியே ஆக வேண்டும். மழை விட்டிருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் இருக்கையில் உட்கார வைத்துக் கேசட்டை ஓடவிட்டார். நானும் கதவருகே நின்றேன். குரல் எதுவும் குறுக்கே வரவில்லை. தவில்காரர் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"வாசிக்கிறவரு நல்லாத்தான் வாசிக்கிறாரு" என்றார். "தவிலு எங்க?"

காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். உண்மைதான். நாதஸ்வரம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தவில் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ தூரத்தில் காகிதத்தைத் தட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம், அதுவும் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக.

"டேப்புல இருக்கு அண்ணாச்சி. வீட்ல கேட்டமே, நல்லா இருந்துதே" என்றேன்.

அண்ணாச்சி பாட்டு ஒயரை உருவினார். டேப் தன் சின்ன வாயால் பாடியது. தவில் இருந்தது. ஒயரைச் செருகினார். கார் பெரிய வாயால் பாடியது. தவில் இல்லை. உருவினார், இருந்தது. செருகினார், இல்லை.

"நாம மூணு நாளு கேட்டமே" என்றார் அண்ணாச்சி. "வண்டூர் ஜனம் பூரா கேட்டுதே. ஒருத்தரும் சொல்லலியே?"

தவில்காரர் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். நான் கதவைத் திறந்து கை கொடுத்தேன். வீட்டுப் பக்கம் நடக்கும்போது, "அந்த ஒயருக்குள்ள அது எங்கம்மா போவும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த மூன்று நாட்களில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை.